கால்வாய்த் தண்ணீரைச் சோதிக்க எது தோது: கலர் கிட்டா, ஆய்வுகூட நியமிப்பா, தண்ணீர்ப் பூச்சிகளா?

கொழும்பில் தமிழில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிற கேள்வி இது. வீட்டுக்குப் பக்கத்தில் கால்வாய் ஓடுகிறது, அல்லது பள்ளிக்கூடம் பெய்ரா வாவிக்குக் கிட்ட இருக்கிறது, செயற்றிட்டத்துக்கு "நன்னீரின் தரம்" என்று தலைப்பும் எடுத்தாயிற்று, அதற்கப்புறம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். மீன்தொட்டிக் கடையில் கலர் பார்க்கிற கிட் வாங்குவதா, டீச்சரைக் கேட்டுப் பள்ளி ஆய்வுகூடத்தில் நியமிப்பு (titration, செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாக விட்டு அளப்பது) செய்வதா, இல்லையென்றால் வலையைப் போட்டு என்னென்ன பூச்சி புழு வருகிறது என்று பார்ப்பதா? மூன்றையும் செய்யுங்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் ஒரே தவணைக்குள், நாலைந்து பேர் உள்ள ஒரு குழு, கையில் இருக்கிற கொஞ்சக் காசோடு மூன்றையும் அரைகுறையாகச் செய்தால் எதிலும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

என்னுடைய பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தவணை நேரம் இருந்தால் தண்ணீரில் வாழும் உயிரிகளிலிருந்து தொடங்குங்கள், இரசாயனத்தில் இரண்டு மூன்று அளவீடுகளை மட்டும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இது எல்லாருக்கும் பொருந்தாது, சில கேள்விகளுக்கு இரசாயனம் இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எதை வைத்துத் தெரிவு செய்வது

முதலாவது, உங்கள் கேள்வி என்ன என்பது. "இந்தக் கால்வாயில் கழிவுநீர் கலக்கிறதா" என்பது ஒரு கேள்வி, "இதில் எது கலக்கிறது" என்பது வேறு கேள்வி, "பாலத்துக்கு மேலே உள்ள இடத்துக்கும் கீழே உள்ள இடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதா" என்பது இன்னொன்று. கேள்வியை எழுதி வைக்காமல் கிட் வாங்குகிறவர்கள் கடைசியில் எட்டு எண்களை அட்டவணையில் போட்டுவிட்டு "ஆகவே நீர் மாசடைந்துள்ளது" என்று எழுதுகிறார்கள். அது எண்களைப் பார்க்காமலே தெரிந்த விஷயம்தானே. அப்புறம், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதுதான் கேள்வி என்றால் இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். அதற்குக் கோலிபோம் (மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும்) பற்றீரியாச் சோதனை வேண்டும், காசு கட்டி ஒரு நல்ல ஆய்வுகூடத்தில் கொடுங்கள். கொழும்பு 7இல் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் நீர்ச் சோதனை செய்து தருகிறார்கள்.

இரண்டாவது, முறை எந்தக் காலத்தைப் பற்றிச் சொல்கிறது என்பது. போத்தலில் பிடித்த தண்ணீர் அந்த நிமிடத்தைப் பற்றி மட்டும் பேசும். அங்கேயே கிடந்து வளரும் ஒரு புழு கடந்த சில வாரங்களைப் பற்றிப் பேசும்.

மூன்றாவது காசு. பெட்டியின் விலை மட்டுமல்ல, ஒவ்வொரு முறை போகும்போதும் எவ்வளவு செலவாகும் என்பதும் சேர்த்தி. நான்காவது பாதுகாப்பு. ஐந்தாவதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது, ஆனால் நமக்கு அதுதான் முக்கியம்: அந்த முறை கொழும்பின் தண்ணீருக்கு ஒத்துவருமா? நம்முடைய கால்வாய்த் தண்ணீர் வெதுவெதுப்பானது, மெதுவாக ஓடுவது, கடலோரத்தில் உப்புக் கலப்பது, ஒரு மழைக்கே நிலைமை மாறிப்போவது. இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மலை ஓடைகளை நினைத்து எழுதப்பட்டவை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி:

| | கலர் கிட், பேனா மீற்றர் | ஆய்வுகூட நியமிப்பு | தண்ணீர் உயிரிகள் |
|---|---|---|---|
| எதைச் சொல்லும் | ஒரு பொருள் ஏறத்தாழ எவ்வளவு | ஒரு பொருள் துல்லியமாக எவ்வளவு | மொத்தத்தில் தண்ணீர் வாழத் தக்கதா |
| எந்தக் காலம் | அந்த நிமிடம் | அந்த நிமிடம் | கடந்த சில வாரங்கள் |
| ஆரம்பச் செலவு | நடுத்தரம் | பள்ளியில் சாமான் இருந்தால் குறைவு | மிகக் குறைவு |
| தொடர் செலவு | கூட | நடுத்தரம் | காசு இல்லை, நேரம் நிறைய |
| ஆபத்து | குறைவு | அமிலம், காரம் | கால்வாய்க் கரை, எலிக்காய்ச்சல் |
| கற்றுக்கொள்ள | அரை மணி நேரம் | சில வகுப்புகள் | சில வாரங்கள் |
| எங்கே சறுக்கும் | குறைந்த செறிவில் | கழிவு மிகுந்த நீரில் | உப்பு நீரில், மழைக்குப் பின் |

கலர் கிட்டும் பேனா மீற்றரும்

கிட்டின் பலம் எல்லாருக்கும் தெரிந்தது. கரையிலேயே பத்து நிமிடத்தில் ஒரு எண் கிடைக்கும், தரம் எட்டுப் பிள்ளைகூடச் செய்யலாம், படம் எடுத்து அறிக்கையில் ஒட்டலாம். அதனால் அதன் பலவீனத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மீன்தொட்டிக் கிட் மீன்தொட்டிக்காகச் செய்யப்பட்டது. அதில் நைத்திரேற்று அட்டையைப் பார்த்தால் பெரும்பாலும் 0, அப்புறம் 5, அப்புறம் 10 என்று போகும். மீன் வளர்க்கிறவருக்கு அது போதும். ஓடும் நீரிலோ லீற்றருக்கு 1, 2 மில்லிகிராம் என்ற வித்தியாசமே ஒரு செய்தி. பொசுபேற்று இன்னும் மோசம், ஒரு குளத்தில் பச்சை அல்கா (பாசி) பெருகுவதற்கு லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் குறைந்த பொசுபரசே போதும், மலிவான கிட் அந்த அளவைப் பூச்சியம் என்றுதான் காட்டும். அந்தப் பூச்சியத்துக்கு அர்த்தம் "சுத்தம்" அல்ல, "இந்தக் கிட்டுக்குத் தெரியவில்லை" என்பதுதான்.

நைத்திரேற்றில் இன்னொரு பொறி இருக்கிறது, கொழும்பில் இதில் விழாத குழு குறைவு. நாற்றமடிக்கிற கறுப்புக் கால்வாயில் நைத்திரேற்றுச் சோதனை செய்தால் அனேகமாகப் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் வரும். கழிவுநீரில் உள்ள நைதரசன் முதலில் அமோனியாவாகத்தான் இருக்கும், அது நைத்திரேற்றாக மாற ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் இல்லாத தண்ணீரில் அந்த மாற்றமும் நடக்காது, ஏற்கெனவே இருந்த நைத்திரேற்றையும் பற்றீரியாக்கள் பாவித்து முடித்துவிடும். பெய்ரா போன்ற பச்சைத் தண்ணீரில் வேறு காரணத்தால் அதே பூச்சியம் வரலாம்: கரைந்திருந்த போசணையை அல்காவே உறிஞ்சித் தன் உடம்புக்குள் வைத்திருக்கும். ஆகவே நகரக் கால்வாய்க்கு ஒரே ஒரு கிட்தான் வாங்க முடியும் என்றால் நைத்திரேற்றை விட்டுவிட்டு அமோனியாக் கிட்டை வாங்குங்கள்.

இரண்டு குழுக்களின் எண்களை ஒப்பிடுவதாக இருந்தால் பெட்டியில் எழுதியிருப்பதை வடிவாக வாசியுங்கள். சில கிட் நைத்திரேற்று முழுவதையும் சொல்லும், சில அதில் உள்ள நைதரசனை மட்டும் சொல்லும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.4 மடங்கு வித்தியாசம். ஒரே தண்ணீர் ஒரு கிட்டில் 10 என்றும் மற்றதில் 44 என்றும் வரலாம், இரண்டும் சரி.

பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீற்றர் மலிவு, அதனால் எல்லாரும் முதலில் அதைத்தான் வாங்குகிறார்கள். அது கரைந்திருக்கும் உப்புகளின் அளவை மின்கடத்துதிறன் வழியாக மதிப்பிடுகிறது, அவ்வளவுதான். களனி கங்கை போன்ற ஈரவலய ஆறுகளில் இயல்பாகவே உப்புக் குறைவு, மலக்கழிவு கலந்தாலும் அந்த எண் பெரிதாக ஏறாமல் இருக்கலாம். அதை வைத்துச் "சுத்தமான நீர்" என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் வேறு ஒரு வேலைக்கு அது அருமையான சாமான், கடல் நீர் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கால்வாய் கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட வேலை செய்கிறவர்களுக்கு இது அவசியம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மறைந்திருக்கும் செலவுக்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு இடம், ஒவ்வொன்றிலும் மூன்று தரம், அதோடு கிட்டைச் சரிபார்க்கக் காய்ச்சி வடித்த நீரில் ஒன்று, மொத்தம் ஏழு. 50 சோதனைக்குப் போதும் என்று எழுதிய பெட்டி ஏழு தடவையோடு முடியும். சில கிட்டுகளில் வரும் சோதனைத் தாள் கீற்றுகள் நம் ஊர் ஈரப்பதத்தில் போத்தலைத் திறந்த கொஞ்ச நாளிலேயே நிறம் மாறத் தொடங்கும். பீ.எச். பேனாவுக்கு 4, 7 என்ற நியமக் கரைசல்கள் தனியாக வேண்டும், அவற்றில் சரிபார்க்காமல் எடுத்த எண்ணை எழுதாமல் விடுவதே மேல்.

ஆய்வுகூட நியமிப்பு

உயர்தர இரசாயனவியல் படிக்கிறவர்களுக்கு விங்கிளர் முறை புதிதல்ல. தண்ணீரில் கரைந்த ஒட்சிசனை அளக்க ஹங்கேரி நாட்டவரான விங்கிளர் 1888இல் வெளியிட்டது, இன்றைக்கும் அதற்கான மீற்றர்களையே சரிபார்க்க உதவுகிற முறை. இதை ஒரு தரம் கரையில் நின்று செய்து பார்த்தால் விளங்கும். குமிழி ஒன்றும் இல்லாமல் போத்தலை நிரப்பி, மங்கனீசு சல்பேற்றையும் கார அயடைட்டையும் விட்டு, மூடித் தலைகீழாக ஆட்டினால் உள்ளே ஒரு வீழ்படிவு திரளும். ஒட்சிசன் உள்ள தண்ணீரில் அது சில விநாடியில் தேயிலைச் சாயம் போலக் கபில நிறமாகும். ஒட்சிசன் இல்லாத தண்ணீரில் வெள்ளையாகவே கிடக்கும். தயோசல்பேற்றை எடுத்து நியமிப்பதற்கு முன்பே, போத்தலைக் கையில் தூக்கிப் பார்க்கிற எவருக்கும் அந்தக் கால்வாயின் நிலைமை தெரிந்துவிடும்.

துல்லியம் இதன் பலம். எண்ணை வாசிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: 20 பாகை செல்சியஸில் தண்ணீர் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும், நம்முடைய 30 பாகையில் ஏறத்தாழ 7.5தான். வெளிநாட்டு அட்டவணையில் "9க்கு மேல் மிக நன்று" என்று இருப்பதைப் பார்த்து 7.3 வந்த தண்ணீரை மட்டம் என்று எழுதினால் அநியாயம், அது கிட்டத்தட்ட நிரம்பிய தண்ணீர். அதேபோல் பச்சை வாவியில் பிற்பகல் இரண்டு மணிக்கு எடுத்த மாதிரியில் 10ஐத் தாண்டியும் வரலாம், வெயிலில் அல்கா ஒளித்தொகுப்புச் செய்து ஒட்சிசனைக் கொட்டுகிறது. இரவு முழுக்க அதே அல்கா சுவாசித்து ஒட்சிசனை இழுத்துவிடும், விடியப்புறத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பது அதனால்தான். பள்ளி முடிந்து வந்து எடுத்த எண்ணை மட்டும் வைத்திருக்கும் குழுவுக்கு இந்தக் கதையின் பாதி தெரியவே தெரியாது. முடிந்தால் காலை ஆறு மணிக்கு ஒரு தரம், பிற்பகலில் ஒரு தரம் எடுங்கள். அந்த ஒரு சோடி எண்களில் ஒரு செயற்றிட்டமே இருக்கிறது.

இனி இதன் சங்கடங்கள். செறிந்த சல்பூரிக் அமிலத்தையும் வலிமையான காரத்தையும் கால்வாய்க் கரைக்குக் கொண்டு போவது பிள்ளைகள் தனியாகச் செய்கிற வேலை இல்லை, பெரியவர் ஒருவர் கண்ணாடி கையுறையோடு கூட நிற்க வேண்டும். மாதிரியைக் கரையிலேயே நிலைப்படுத்தாமல் பஸ்ஸில் கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் செய்தால், வழியிலேயே பற்றீரியா ஒட்சிசனைக் குறைத்துவிடும். இன்னொன்று, இது சுத்தமான தண்ணீரில்தான் நன்றாக வேலை செய்யும். கழிவுநீரில் உள்ள நைத்திரைற்று அளவைக் கூட்டிக் காட்டும், சேதனப் பொருள் அயடீனைப் பிடித்துக் குறைத்தும் காட்டும். நைத்திரைற்றுக்கு மாற்றாக ஏசைட்டு சேர்க்கும் முறை உண்டு, ஆனால் சோடியம் ஏசைட்டு நஞ்சு, பள்ளிக்கூடத்துக்கு அது வேண்டாம். ஆக, எந்தத் தண்ணீரைப் பற்றி மிகவும் அறிய விரும்புகிறோமோ அந்தத் தண்ணீரில்தான் இந்த முறை தடுமாறுகிறது.

பீ.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்கப் பற்றீரியா எவ்வளவு ஒட்சிசனைப் பாவிக்கிறது என்ற அளவு) செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். நியம முறைக்கு 20 பாகையில் ஐந்து நாள் இருட்டில் வைக்க வேண்டும், இந்தியாவில் 27 பாகையில் மூன்று நாள் என்று நியமம் வைத்திருக்கிறார்கள். நம் வகுப்பறை அலுமாரி இரண்டும் இல்லை. இரண்டு இடத்துத் தண்ணீரை ஒரே அலுமாரியில் ஒரே நாட்கள் வைத்து எதில் ஒட்சிசன் கூடக் குறைகிறது என்று ஒப்பிடலாம், அது நேர்மையான பரிசோதனை. அந்த எண்ணைப் பீ.ஓ.டி. பெறுமானம் என்று எழுதி நியமங்களோடு ஒப்பிட்டால்தான் பிழை. அதையே பற்றீரியாவுக்குப் பதிலாக இரசாயனத்தால் அளக்கிற சீ.ஓ.டி.யைத் தொடவே வேண்டாம், அதில் இரசச் சேர்வையும் குரோமியமும் வருகின்றன, ஊற்றிவிட இடமில்லை.

தண்ணீரில் வாழும் உயிரிகள்

இதற்கு வேண்டிய சாமான்: நைலோன் வலைத்துணி தைத்த ஒரு கைவலை, வெள்ளைப் பிளாஸ்டிக் பேசின், ஐஸ்கிறீம் பெட்டிகள், கரண்டி, பூதக்கண்ணாடி. இவ்வளவுதான்.

பிரித்தானிய வழிகாட்டிகளில் ஓடையில் நின்று மூன்று நிமிடம் கற்களைக் காலால் உதைத்து வலையில் பிடிக்கச் சொல்வார்கள். நம்முடைய கால்வாயில் கல்லும் இல்லை, காலை வைத்தால் முழங்கால் வரை சேறு, இறங்கவே கூடாது. நமக்கு வசதியாக ஆகாயத்தாமரை இருக்கிறது. கரையோரத்தில் மிதக்கும் ஒரு செடியை வலைக்குள் ஏந்தித் தூக்கி, பேசினில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதன் கறுத்த குஞ்சம் போன்ற வேரை அதற்குள் நன்றாக உதறுங்கள். முதலில் வெறும் ஊத்தைதான் தெரியும். அசையாமல் இரண்டு நிமிடம் பார்த்திருங்கள். தூசு என்று நினைத்தது நகரும். கண்ணாடி மாதிரி உடம்புள்ள ஒரு கூனி இறால் பின்னோக்கித் துள்ளும். வாலில் மூன்று இலை போன்ற தட்டுகளோடு ஒன்று இடம் வலமாக நெளிந்து போகும், அது ஊசித்தும்பியின் குடம்பி. உருண்டு திரண்ட வயிற்றோடு தண்ணீரைப் பின்னால் பீச்சி முன்னே பாய்வது தும்பியின் குடம்பி. இதே வேலையைக் கழிவு விழும் குழாய்க்குக் கீழே செய்து பாருங்கள், சிவந்த புழுக்களும் சின்ன நத்தைகளும் நுளம்புக் குடம்பிகளும் மட்டும் மிஞ்சலாம். அந்தச் சிவப்பு, கைரோனமிட் என்ற கடிக்காத நுளம்பு போன்ற பூச்சியின் குடம்பி உடம்பில் உள்ள ஹீமோகுளோபின், ஒட்சிசன் அருகிய சேற்றில் அது தாக்குப்பிடிப்பதற்கு உதவுகிறது. மீன்தொட்டிக் கடையில் மீனுக்கு உணவாக விற்பதும் அதே புழுதான்.

இந்த முறையை நான் முன்னுக்கு வைப்பதன் காரணம் காலம். இரவில் யாரோ ஒருவர் எதையோ திறந்துவிட்டு விடியுமுன் அது ஓடிப்போய்விட்டால், மறுநாள் பிற்பகல் போத்தலோடு போகிற குழுவுக்கு ஒன்றும் கிடைக்காது. பூச்சிகளுக்கு அது மறக்காது, செத்தது செத்ததுதான், திரும்பக் குடியேற வாரங்கள் எடுக்கும். வகுப்பை ஒரு நாள் எட்டிப் பார்ப்பதற்கும் தவணை முழுவதற்குமான வரவுப் பதிவேட்டைப் புரட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. வெப்பநாட்டில் பூச்சிகள் சீக்கிரம் வளர்ந்து பறந்துவிடும் என்பதால் நம்முடைய பதிவேடு குளிர்நாட்டில் போல ஒரு வருடத்தைக் காட்டாது, சில வாரங்கள், கூடினால் இரண்டொரு மாதம். அதுவே பெரிய விஷயம்.

ஆனால் பிடித்ததையெல்லாம் ஒரே மாதிரி எண்ணக் கூடாது. எது எப்படிச் சுவாசிக்கிறது என்று பாருங்கள். நுளம்புக் குடம்பி, நீர்த்தேள், நீந்தும் வண்டுகள், நுரையீரல் உள்ள நத்தைகள், இவை மேலே வந்து காற்றை எடுக்கின்றன, தண்ணீரில் ஒட்சிசன் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன. பூவால் (செவுளால்) அல்லது தோலால் தண்ணீரிலிருந்தே ஒட்சிசன் எடுக்கிறவைதான் அந்தத் தண்ணீருக்குச் சாட்சி: மேஃபிளை (வளர்ந்தபின் ஓரிரு நாளே வாழும் ஒரு சிறு பூச்சி) குடம்பி, ஊசித்தும்பிக் குடம்பி, இறால். பிடித்தவற்றை இந்த இரண்டு பகுதியாகப் பிரித்து எழுதினாலே உங்கள் அறிக்கை மற்றவர்களுடையதை விட ஒரு படி மேலே போய்விடும்.

அடுத்தது புள்ளி கொடுக்கிற அட்டவணைகள். பிரித்தானியாவில் 1970களின் கடைசியில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. முறை ஒவ்வொரு உயிரிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை புள்ளி தருகிறது, மண்புழு இனத்துக்கு 1, கைரோனமிட்டுக்கு 2, சில மேஃபிளைக் குடும்பங்களுக்கு 10. எல்லாவற்றையும் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. செய்வதற்கு எளிது, கொழும்புக்கு அப்படியே பொருந்தாது. அந்த அட்டவணையில் லிபெலுலிட் தும்பிகளுக்கு 8 புள்ளி. இங்கே அதே குடும்பத்துத் தும்பிகளில் பல, கலங்கிய வெதுவெதுப்பான குட்டையிலும் முட்டையிட்டு வளர்கின்றன. மறுபக்கம், அங்கே உயர்ந்த புள்ளி வாங்கும் கல் ஈ குளிர்ந்த, கற்களுக்கிடையே வேகமாக ஓடும் தண்ணீர்ப் பிராணி, தியவன்னா ஓயாவை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது அங்கே வந்து குடியிருக்காது. தாய்லாந்தில் இந்த அட்டவணையைத் தங்கள் ஆறுகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள், தென்னாபிரிக்காவில் பாடசாலைப் பிள்ளைகளும் பொதுமக்களும் செய்யக்கூடிய, 13 உயிரிக் கூட்டங்களோடு மினிசாஸ் என்ற எளிய முறை இருக்கிறது. இவற்றில் எதை எடுத்தாலும் "புள்ளி 4.6, ஆகவே நடுத்தரம்" என்று எழுதாதீர்கள். ஒரே கால்வாயின் இரண்டு இடங்களை ஒரே அட்டவணையால் அளந்து, எது கூட, எது குறைய என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஒப்பீடு தாக்குப்பிடிக்கும்.

அப்புறம் உப்பு. கடல்வாய்க்குக் கிட்ட நன்னீர்ப் பூச்சிகள் காணாமல் போனால் அது மாசினால் என்று உடனே எழுத வேண்டாம், உப்பாலும் போயிருக்கலாம். மேலே சொன்ன பேனா மீற்றர் இங்கேதான் உதவும். இரண்டு இடத்திலும் அந்த எண் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான் பூச்சிகளை ஒப்பிடலாம். பெருமழை பெய்து கால்வாய் பெருக்கெடுத்தால் பூச்சிகளும் அடித்துக்கொண்டு போகும், இரண்டு வாரமாவது விட்டுப் போங்கள். மே, ஜூன் தென்மேற்குப் பருவமழைக்குள் இந்தச் செயற்றிட்டத்தைத் தொடங்குகிறவர்கள் நாட்களைப் பார்த்துத் திட்டமிட வேண்டும்.

காசு போகாதே தவிர வேறு செலவு உண்டு. அடையாளம் காணப் பழகச் சில வாரம் போகும், முதலில் எல்லாமே புழுவாகத்தான் தெரியும். எலிக்காய்ச்சல் பயம் உண்மையானது: கையில் காலில் காயம் இருப்பவர் கரையில் குறிப்பு எழுதட்டும், மற்றவர்கள் கையுறையும் மூடிய சப்பாத்தும் போட்டு, முடிந்ததும் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். சதுப்பு நில ஓரங்களில் முதலைகளும் இருக்கின்றன, நீரில் இறங்குவது இல்லவே இல்லை. பெல்லன்வில-அத்திடிய சரணாலயம், அங்கே எதையும் பிடிப்பதற்கு முன் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஈரநிலப் பூங்காக்களிலும் பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று, அந்த நிலங்களில் வேலை செய்யும்போது பிடித்ததை நிழலில் வைத்துப் பார்த்து, உயிரோடு அதே இடத்தில் விடுவதுதான் முறை. தண்ணீரைப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தபடி வைக்காதீர்கள், டெங்கு நுளம்புக்கு அது போதும்.

எந்த நிலைமைக்கு எது

சாதாரண தரக் குழு, ஒரு தவணை, பக்கத்தில் ஒரு கால்வாய்: உயிரிகள், அதோடு வெப்பமானி, அமோனியாக் கிட், பேனா மீற்றர். கழிவு விழும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டே இடங்கள். இடங்களைக் கூட்டாதீர்கள், அதே இரண்டு இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள், அதே நேரத்தில்.

உயர்தர இரசாயனவியல் பிள்ளை தனியாகச் செய்வதென்றால் விங்கிளர்தான், ஆனால் கறுத்த கால்வாயை விட்டுவிட்டுத் தலங்கம குளம் போன்ற ஒப்பீட்டளவில் தெளிந்த நீரில், காலை பிற்பகல் ஒப்பீடாக. உயிரியல் பிள்ளைக்குச் சொல்லவே தேவையில்லை.

ஒரே ஒரு நாள் வெளிக்களப் பயணம்தான், திரும்பப் போக முடியாது என்றால் பலர் கிட்டை எடுப்பார்கள். நான் அப்போதும் வலையைத்தான் எடுப்பேன். ஒரு நாள் எடுத்த அமோனியா எண் அந்த நாளோடு முடிந்துவிடும், ஒரு நாள் பிடித்த பூச்சிகள் அதற்கு முன்பிருந்த வாரங்களையும் கொண்டுவருகின்றன.

யாரிடமாவது முறைப்பாடு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. 2019இல் வர்த்தமானியில் வந்த நீர்த்தர ஒழுங்குவிதிகள் பெரும்பாலும் இரசாயன எண்களிலும் கோலிபோம் எண்களிலும்தான் பேசுகின்றன. தும்பிக் குடம்பி இல்லை என்று சொன்னால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுதிய கடிதம் நிற்காது. உங்கள் கிட் எண்ணும் அங்கே சாட்சி ஆகாது, ஆனால் எங்கே, எப்போது மாதிரி எடுக்க வேண்டும் என்று காட்ட உதவும், சான்று ஆய்வுகூடத்திலிருந்து வரட்டும்.

வாவியில் மீன் செத்து மிதக்கிறது என்று காலையில் செய்தி வந்தால் பூச்சி பிடிக்க நேரமில்லை. உடனே போய் வெப்பநிலை, கரைந்த ஒட்சிசன், அமோனியா, பீ.எச். நான்கையும் எடுங்கள். அமோனியாவும் பீ.எச்.சும் சேர்ந்து வேண்டும், ஏனென்றால் பீ.எச். ஏற ஏற, வெப்பம் கூடக் கூட, அமோனியாவில் மீனைக் கொல்கிற வடிவத்தின் பங்கு கூடும். அல்கா நிறைந்த வாவியில் பிற்பகலில் பீ.எச். 9ஐத் தாண்டக் கூடும். நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள். ஒரு போத்தல் தண்ணீரை நிரம்ப மூடிப் பனிக்கட்டிக்குள் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்தில் கொடுங்கள், ஒட்சிசனை மட்டும் அங்கேயே கரையில் பார்த்துவிட வேண்டும்.